பற்றிக் கெடிஸ் காட்டிய நகரநெறி

துணிவும் தந்திரமும் ஒருங்கே உடைய ஒருவனைக் குறித்து, 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்வது தமிழர் பேச்சில் நெடுங்காலமாக நிலவி வரும் வழக்கு. முதலாம் உலகப் போரின் தொடக்கத்தில், 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு, சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டெரித்துவிட்டு இருளில் மறைந்த எம்டன் என்னும் ஜேர்மானியப் போர்க்கப்பலே இவ்வழக்கிற்கு மூலம் என்பதைப் பலரும் அறிவர். அதே கப்பல் அடுத்த மாதத்தில் இந்து சமுத்திரத்தில் மூழ்கடித்த வணிகக் கப்பல்களுள் 'கிளான் கிராண்ட்' என்பதும் ஒன்று. அக்கப்பலின் சரக்கறையிலே சென்னைக்கென அனுப்பப்பட்ட ஒரு கண்காட்சி முழுவதும் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருந்தது என்பது அத்துணைப் பேர் அறிந்த செய்தி அன்று.

ஐரோப்பிய நகரங்களின் பழைய வரைபடங்கள், ஓவியங்கள், நிழற்படங்கள், வீதி அமைப்புகள், மக்கள் வாழ்நிலையை விளக்கும் அட்டவணைகள் முதலியன அக்கண்காட்சியில் இருந்தன. 1911இல் இலண்டன் மாநகரிலும், 1913இல் பெல்ஜியத்துக் கெண்ட் நகரிலும் காட்சிக்கு வைக்கப்பட்டுப் புகழ்பெற்ற சேகரிப்பு அது. பல்லாண்டு உழைப்பின் பயன் ஒரு நாளில் கடலடியைச் சேர்ந்தது. அதனைத் தொகுத்தவர் அவ்வேளையில் இந்தியாவுக்கு வந்துவிட்டார். அறுபது வயது நிரம்பிய அம்முதியவர் சேதி கேட்டு ஊர் திரும்பினாரல்லர். தாய்நாட்டிலிருந்த நண்பர்கள் விரைந்து புதிய படங்களைத் திரட்டி அனுப்பினர். 1915ஆம் ஆண்டின் தொடக்கத்திற் சென்னையில் கண்காட்சி நடைபெற்றது. அம்முதியவரே பற்றிக் கெடிஸ் என்பவர். நகரங்களை அமைப்போர் அங்கு வாழும் மக்களை முதலில் அறிதல் வேண்டும் என்னுங் கொள்கையைத் தென்னாசியாவின் ஒழுங்கைகள் தோறும் நடந்து திரிந்து போதித்தவர் அவர். இன்று கணினியின் துணைகொண்டு நகரங்களை நடத்தும் திட்டங்கள் உலகெங்கும் பேசப்படும் வேளையில், அவரது வரலாறு மீண்டும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

கெடிஸ் 1854ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்திலே பிறந்தவர். அவர் கற்ற துறை உயிரியல். தோமஸ் ஹக்ஸ்லி என்னும் பேரறிஞரிடம் இலண்டனிற் பயின்றவர். 1879இல் மெக்சிக்கோ நாட்டில் ஆராய்ச்சிக்குச் சென்றிருந்தபோது அவரது கண்பார்வை மங்கிற்று. பல வாரங்கள் இருட்டறையில் இருக்க நேர்ந்தது. பார்வை மீண்டதாயினும், நுணுக்குக்காட்டியை நோக்கும் தொழிலை முன்போல நடத்த இயலாது போயிற்று. சிற்றுயிர்களைக் கூர்ந்து நோக்கிய கண் அதன்பின் மனிதர் வாழும் பெரிய கூட்டை நோக்கலாயிற்று. ஓர் உயிரை அதன் சூழலினின்றும் பிரித்து அறிதல் இயலாது; அதுபோல மக்களையும் அவர்தம் இடத்தினின்றும் தொழிலினின்றும் பிரித்து அறிதல் இயலாது என்பது அவர் கண்ட உண்மை. இடம், தொழில், மக்கள் என்னும் மூன்றையும் இணைத்து நோக்கும் இம்முறை பிரான்சிய சமூகவியலறிஞர் லெ பிளே என்பவரிடமிருந்து அவர் பெற்றுத் தம் வழியில் விரித்ததாகும்.

அக்காலத்து எடின்பரோ நகரின் பழைய பகுதி மிக இழிந்த நிலையில் இருந்தது. செல்வர்கள் புதிய நகருக்குப் பெயர்ந்துவிட, அவர்கள் விட்டுச்சென்ற உயரமான பழைய மாளிகைகளில் ஏழைக் குடும்பங்கள் அறைக்கு அறை நெருங்கி வாழ்ந்தன. 1886இல் அன்னா மோட்டன் என்னும் மாதரசியை மணந்த கெடிஸ், அடுத்த ஆண்டிலே அவரையும் அழைத்துக்கொண்டு, ஜேம்ஸ் கோர்ட் என்னும் அந்நெருக்கமான குடியிருப்பிலேயே சென்று குடியேறினார். கல்லூரிகளிற் போதிக்கும் ஒருவர் சேரியிற் குடியிருப்பதா என்று வியந்தோர் பலர். அவ்விருவரும் அயலவரோடு சேர்ந்து முற்றத்தைக் கூட்டினர், சுவர்களுக்கு வெள்ளையடித்தனர், சாளரங்களிற் பூச்செடிப் பெட்டிகளை வைத்தனர். இடிந்து விழுங் கட்டடங்கள் சிலவற்றை மட்டும் அகற்றி அவ்விடத்திற் காற்றும் ஒளியும் புகச் செய்தனர். பழுது பார்க்கக்கூடிய வீடுகளைப் பழுது பார்த்து, மாணவரையும் அறிஞரையும் அப்பகுதிக்கு மீண்டும் அழைத்து வந்தனர். குடியிருந்தோரைத் துரத்தாமலே ஒரு குடியிருப்பைத் திருத்தலாம் என்பதற்கு அது முதற் சான்றாயிற்று.

1892இல் அந்நகரத்து உயர்ந்த கோபுரமொன்றை அவர் தமதாக்கிக்கொண்டார். 'நோக்குக் கோபுரம்' என்று அதற்குப் பெயரிட்டார். அதன் உச்சியில் இருட்டறைப் படக்கருவி ஒன்று இருந்தது. வந்தவர்கள் முதலில் உச்சிக்கு ஏறி, தம் நகரம் அசைந்து இயங்குவதை வெண்மேசையொன்றின் மீது கண்டனர். பின்னர் ஒவ்வொரு தளமாக இறங்கும்போது எடின்பரோ, ஸ்கொத்லாந்து, ஆங்கிலம் பேசும் நாடுகள், ஐரோப்பா, உலகம் என்று அறிவு விரிந்துகொண்டே சென்றது. தன் ஊரை முதலில் அறிந்து அதன் வழியாக உலகை அறிதல் வேண்டும் என்பது அக்கோபுரம் புகட்டிய பாடம். ஆளுவோருக்கும் பொறியியலாளருக்கும் மட்டும் உரியதென்று கருதப்பட்ட நகரவரைபடத்தை வீதியிற் செல்வோர் யாவரும் கண்டு ஆராயத்தக்க பொருளாக்கியமை அவர் செய்த அரிய புதுமையாகும்.

இத்தகைய அனுபவத்தோடு அவர் கண்ட இந்தியா கொள்ளைநோயின் அச்சத்தில் இருந்தது. 1896இல் பம்பாயிற் புகுந்த அந்நோய் பல இலட்சம் உயிர்களைக் கொண்டது. அதனை அடக்கும் நோக்குடன் 1898இல் பம்பாயில் நகரத் திருத்தப் பொறுப்பாட்சி நிறுவப்பட்டது; வேறு நகரங்களும் அவ்வழியைப் பின்பற்றின. நெருக்கமான குடியிருப்புகளினூடே நேரான அகன்ற வீதியை வெட்டினாற் காற்றோட்டம் பெருகும், நோய் நீங்கும் என்பது அப்பொறுப்பாட்சிகளின் நம்பிக்கை. அவற்றின் நோக்கத்தைக் குறைகூற இயலாது. ஆனால் இடிக்கப்பட்ட வீடுகளில் வாழ்ந்தவர் எங்கே சென்றனர் என்னும் வினாவுக்குத் திட்டத்தாள்களில் விடை இருக்கவில்லை. அவர்கள் அடுத்த சேரிக்கே சென்றனர். அங்கு நெருக்கம் முன்னையினும் மிகுந்தது. ஓரிடத்து நெரிசல் மற்றோரிடத்துக்கு மாறியதேயன்றிக் குறைந்ததில்லை என்பதைக் கெடிஸ் எடுத்துக் காட்டினார்.

சென்னை ஆளுநராக விளங்கிய பென்ற்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் வந்த கெடிஸ், மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம் முதலிய தமிழ் நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். காலையிற் புறப்பட்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து செல்லுதல் அவரது வழக்கம். எந்த வீட்டில் ஆள் இருக்கின்றனர், எது பாழடைந்து கிடக்கின்றது, எந்த மரத்தடியில் முதியோர் கூடுவர், எக்கிணற்றில் நீர் அள்ளுவர், எந்த மூலையிற் சிறு கோயில் உள்ளது என்பவற்றையெல்லாம் வரைபடத்திற் குறித்துக்கொள்வார். அலுவலகத்து மேசையிலிருந்து அளவுகோல் கொண்டு கோடு கிழித்த ஒருவருக்கு அந்த மரமும் கிணறும் தெரியமாட்டா.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் நகரசபையார் வகுத்திருந்த திட்டம் பழைய தெருக்களை அழித்துக் கட்டம் கட்டமாக நேர்வீதிகளை இடுவது. கெடிஸ் அதே பகுதியை நடந்து அளந்து, பாழ்மனைகள் சிலவற்றை மட்டும் நீக்கி, வளைந்த தெருவை வளைந்தபடியே விட்டு, ஆங்காங்கே சிறு திறந்த வெளிகளை உண்டாக்கி, மரம் நட்டாற் போதும் என்று காட்டினார். இடிக்கப்பட வேண்டிய வீடுகள் மிகச் சில. செலவும் முன்னைய திட்டத்தின் ஒரு சிறு பங்கே. இம்முறைக்கு அவர் வைத்த பெயரை 'உறுப்பைக் காக்குஞ் சத்திர சிகிச்சை' என்று தமிழிற் கூறலாம். நல்ல வைத்தியன் நோயை அறியுமுன் மருந்து கொடான். காலிற் புண் கண்டவுடன் காலை வெட்டவும் துணியான். நகர வைத்தியமும் அவ்வாறே அமைதல் வேண்டும் என்பது அவர் கருத்து.

காஞ்சிபுரத்தின் அமைப்பு அவருக்குப் பெருமகிழ்வை அளித்தது. கோயில்களும் தேர்வீதிகளும் குளங்களும் தோப்புகளும் வீடுகளும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் அந்நகரை, நகரமைப்புக் கலையின் தலைசிறந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக அவர் மதித்தார். அக்காலத்து அதிகாரிகளிற் பலர் இந்தியர்க்கு நகரமைப்பை மேல்நாட்டார் கற்பிக்க வேண்டுமென்று எண்ணியிருந்தனர். கெடிஸோ கற்க வந்தவர்போலத் தமிழ் நகரங்களை அணுகினார். ஊர்க்குளங்களிற் கொசு பெருகுகின்றது, ஆதலால் அவற்றைத் தூர்த்துவிட வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் வாதாடியபோது, குளத்தில் மீனும் தாராவும் வளர்த்தால் அவை கொசுப்புழுக்களைத் தின்றுவிடும் என்றும், வெயில் நாட்டு நகரத்துக்குக் குளமே குளிர்ச்சி என்றும் அவர் விடையளித்தார். பெருமழையின்போது குளம் ஏந்தும் வெள்ளம், குளம் தூர்ந்தபின் வீட்டினுள்ளே புகும் என்பதைப் பிற்காலத்து நகரங்கள் பட்டறிந்தன.

கெடிஸின் வாழ்வில் 1917ஆம் ஆண்டு பெருந்துயர் நிறைந்தது. அவரோடு இந்தியாவுக்கு வந்து துணைநின்ற மூத்த மகன் அலஸ்தேயர், அவ்வாண்டு ஏப்ரிலிற் பிரான்சுப் போர்க்களத்தில் உயிர்துறந்தான். அவ்வேளையில் மனைவி அன்னா இந்தியாவிலே கடுங்காய்ச்சலாற் படுத்திருந்தார். நோயுற்ற தாய் தாங்கமாட்டாள் என்றஞ்சி, மகனின் மரணத்தை அவரிடம் மறைத்து, முன்னர் வந்த கடிதங்களையே கெடிஸ் வாசித்துக் காட்டினார். உண்மையை அறியாமலே அன்னா ஜூன் மாதத்திற் காலமானார். இவ்விரு இழப்புக்களையும் சுமந்துகொண்டே அவர் இந்தூர் நகரப் பணியை ஏற்றார்.

மத்திய இந்தியாவிலுள்ள இந்தூர், அக்காலத்தில் ஹோல்கார் மன்னரின் தலைநகரம். மூன்றாம் துக்கோஜி ராவ் ஆட்சி புரிந்தார். கொள்ளைநோயும் மலேரியாவும் மக்களை வருத்தின. கெடிஸ் தம் வழக்கப்படி வரைபடமுங் கையுமாக ஒழுங்கைகளில் நடந்தார். மக்கள் அவரைக் கண்டு ஒதுங்கினர், கதவுகள் அடைபட்டன. கொள்ளைநோயைக் கொணரும் கிழத்துரை இவர்தாம் என்று பேசிக்கொண்டனர். காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. வரைபடம் பிடித்த அதிகாரி வந்தால் அடுத்து வீடு இடிபடும் என்பது அவர்கள் முன்னர்க் கண்டறிந்த அனுபவம். தாம் உதவ வந்த மக்களே தம்மை அஞ்சுகின்றனர் என்பதை உணர்ந்த கெடிஸ், நேரே மன்னரிடஞ் சென்று, ஒருநாள் மட்டும் தம்மை மகாராசாவாக இருக்க விடுமாறு கேட்டார். மன்னரும் இசைந்தார். கெடிஸ் வேண்டிய அந்நாள் தீபாவளித் திருநாள்.

திருவிழா ஊர்வலம் செல்லும் வீதிக்கு ஊரார் என்ன செய்வர் என்பதைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சுவாமி வரும் வழியெல்லாம் கூட்டி நீர் தெளிப்பர்; மாவிலைத் தோரணங் கட்டுவர்; படலையில் நிறைகுடம் வைப்பர். எந்தச் சட்டமும் அவர்களை ஏவுவதில்லை. இவ்வியல்பையே கெடிஸ் நம்பினார். அவ்வாண்டுத் தீபாவளி ஊர்வலம் இந்துக்களின் பழைய வழியிலோ முஸ்லிம்களின் பழைய வழியிலோ செல்லாது. எந்தத் தெருக்களில் மிகுதியான வீடுகள் துப்புரவாக்கப்பட்டுப் பழுது பார்க்கப்பட்டுள்ளனவோ அந்தத் தெருக்களின் வழியே செல்லும் என்று பறைசாற்றச் செய்தார். குப்பையை அகற்ற இலவசமாக வண்டிகள் விடப்படும் என்றும் அறிவித்தார்.

நகரம் முழுவதும் ஒரு போட்டி எழுந்தது. மக்கள் வீட்டையும் முற்றத்தையும் கோடிப்புறத்தையும் துப்புரவு செய்தனர், சுவருக்கு வெள்ளையடித்தனர். 6,000 வண்டிக்கு மேற்பட்ட குப்பை நகரைவிட்டு அகன்றது. எலிகள் ஆயிரக்கணக்கிற் பிடிபட்டன. ஆண்டுதோறும் அதிகாரிகள் தண்டம் விதித்தும் நடவாத காரியம் சில வாரங்களில் நடந்தேறியது.

தீபாவளியன்று ஊர்வலம் புறப்பட்டது. யானைகளும் அணிவகுப்பும் முன்செல்ல, நோயையும் அழுக்கையும் குறிக்கும் அரக்க உருவங்கள் பின்வந்தன. கொள்ளைநோயைப் பரப்பும் எலியின் பேருருவமும் மலேரியாவைப் பரப்பும் கொசுவின் பேருருவமும் வண்டிகளில் வந்தன; எழுத்தறியாதவரும் நோயின் காரணத்தைக் கண்ணாற் கண்டறிந்தனர். அவற்றின் பின்னே வந்த கூட்டத்தைக் கண்டு நகரம் வியந்தது. வந்தோர் நகரின் துப்புரவுத் தொழிலாளர். தூய வெண்ணிற ஆடை உடுத்து, கழுத்தில் மலர்மாலை தாங்கி, கையிற் புதிய துடைப்பம் ஏந்தி அவர்கள் நடந்தனர். தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்டு, தெருவின் ஓரத்தில் நின்றோர், அன்று தெருவின் நடுவே மதிப்புடன் சென்றனர். நகரத்தின் நலம் எவரது உழைப்பில் நிற்கின்றது என்பதை அக்காட்சி சொல்லாமற் சொல்லிற்று.

அதன்பின் இந்தூர் நகரையே தெய்வமாக உருவகித்த திருவுருவம் நகரத்தின் புதிய வரைபடத்தை ஏந்தி வந்தது. கட்டப்படவிருந்த வீடுகள், நூல்நிலையம், பூங்கா முதலியவற்றின் மாதிரிகள் தேர்களில் வந்தன. பல்வேறு தொழிலாளர் தத்தம் தொழிற்கருவிகளோடு சென்றனர். ஊர்வலத்தின் முடிவில் துளசிக் கன்றுகள் வீடுகளுக்கு வழங்கப்பட்டன. இரவிலே அழுக்கரக்கனின் உருவமும் எலியின் உருவமும் கொளுத்தப்பட, வாணவேடிக்கையோடு விழா நிறைவெய்தியது. அதன்பின் கொள்ளைநோயும் தணிந்தது. நோயின் பருவம் முடிந்ததும் அதற்கு ஒரு காரணம் எனல் வேண்டும். ஆயினும் கெடிஸைக் கண்டு ஒதுங்கிய மக்கள், நோயை ஓட்டிய துரை என்று அவரைச் சுட்டி மகிழ்ந்தனர். அவர் எழுதிய இந்தூர் அறிக்கை 1918இல் இரு பாகங்களாக வெளியாயிற்று.

இவ்வரலாற்றைப் புகழ்வதோடு அமையாது அதன் குறைபாட்டையும் நோக்குதல் நேர்மையாகும். கெடிஸை அழைத்தவர் ஆளுநரும் அரசர்களுமே. அவரது அறிக்கைகளுட் பல அலுவலகப் பேழைகளிற் கிடந்து தூசு படிந்தன, செயற்பட்டவை சில. இந்தூர் மக்கள் ஒருநாள் நகரத்தைத் தமதாக எண்ணினர். ஆயின் அந்த ஒருநாளும் மன்னர் இரவல் கொடுத்த நாளே. நகர வருவாயை எவ்வாறு செலவிடுவது, எந்த வீதியை முதலில் திருத்துவது என்பவற்றைத் தீர்மானிக்கும் உரிமை அவர்கள் கைக்கு வந்ததில்லை. மக்களின் ஆர்வத்தை எழுப்புவது எளிதன்று. எழுந்த ஆர்வத்திற்கு நிலையான இடமளிப்பது அதனினும் அரிது.

கெடிஸின் பாதை இலங்கைக்கும் வந்தது. கொள்ளைநோய் 1914இற் கொழும்பையும் தீண்டியது. மறு ஆண்டில், அதாவது 1915இல், வீடமைப்பு நகரத் திருத்தக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 2 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த கொழும்பின் நகரமைப்பைப் பற்றிக் கெடிஸ் 1921இல் ஒரு முன்னறிக்கை அளித்தார். நீர்நிலைகளும் நிழல்மரங்களும் நிறைந்த கொழும்பு ஒரு பூங்கா நகரமாக மலரக்கூடும் என்பது அவர் கண்ட காட்சி. பின்னர் 1946இல் நகர நாட்டுப்புற அமைப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1948இல் பற்றிக் அபர்குரொம்பி என்னும் ஆங்கிலேய அறிஞர் கொழும்புப் பிரதேசத்துக்குத் திட்டம் வகுத்தார். 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பட்டது. மரநிழல் வீதிகள் வசதியுள்ளோர் வாழும் பகுதிகளில் அமைந்தன. தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் ஒரே நீர்க்குழாயின் முன்னே பல குடும்பங்கள் வரிசையில் நின்றன.

இந்நிலையில் 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், கெடிஸின் பெயரைக் கூறாமலே அவர் கொள்கையின் ஒரு பகுதியைச் செயலாக்கியது எனலாம். அரசு வீடு கட்டிக் கொடுக்கும் என்னும் பழைய முறை மாறி, மக்கள் கட்டுவர், அரசு கடனும் ஆலோசனையும் நல்கும் என்னும் முறை வந்தது. நகரக் குடியிருப்புகளில் அலுவலரும் குடியிருப்போரும் ஒருங்கே அமர்ந்து, எவருக்கு எத்துணை நிலம், நடைபாதை எவ்வழியே செல்லும் என்பவற்றைப் பேசித் தீர்மானித்தனர். கிணறு, வடிகால், நடைபாதை முதலிய சிறு வேலைகளை வெளி ஒப்பந்தகாரரிடம் விடாது, குடியிருப்போரின் சமுதாய அபிவிருத்திச் சபையிடமே ஒப்படைக்கும் சமுதாய ஒப்பந்த முறையும் அக்காலத்தில் உருவாயிற்று. பிற நாட்டாரும் அதனை வந்து கண்டு கற்றனர். தம் கையாற் கட்டிய வடிகால் அடைபட்டால் அதனைத் திறக்க அவர்கள் எவரையும் எதிர்பார்த்து நிற்கவில்லை.

2010ஆம் ஆண்டிற்குப் பின்னர் நகர மீளுருவாக்கத் திட்டத்தின் கீழ், கொழும்பின் பல குடியிருப்பு மக்கள் உயரமான அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். நீரும் மின்சாரமும் உறுதியான கூரையும் கிடைத்தமை நன்மையே. எனினும், தம்மிடம் போதிய அளவு கலந்து பேசவில்லை என்னுங் குறை அவர்களுட் பலரிடமிருந்து எழுந்தது. வாசலில் இருந்து பலகாரம் விற்றுப் பிழைத்த பெண்ணுக்குப் பத்தாம் மாடியில் வாசல் ஏது? முதலில் நடந்து பார்த்திருந்தால் இவ்வினா வரைபடத்திலேயே எழுந்திருக்கும்.

அண்மைக் காலத்தில் 'ஸ்மார்ட் நகரம்' என்னும் புதிய எண்ணம் உலகெங்கும் பரவியுள்ளது. வீதிவிளக்கு, போக்குவரத்து, குடிநீர், குப்பை முதலியவற்றை உணர்கருவிகளும் கணினிகளும் கண்காணிக்க, நகரம் தன்னைத்தானே அறிந்து நடக்கும் என்பது அதன் கருத்து. கெடிஸ் காலால் நடந்து திரட்டிய செய்திகளைக் கருவிகள் கணப்பொழுதில் திரட்டுகின்றன. வெள்ளம் வருமுன் எச்சரிக்கவும், நோயாளர் வண்டிக்கு வழி திறக்கவும் அவை உதவும். அவற்றை வெறுப்பது அறிவன்று. ஆனால் கருவி எண்ணிக்கையைக் கூறும். ஒழுங்கையில் வாழ்பவரின் விருப்பத்தையும் அச்சத்தையும் அவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

கனடாவின் ரொறன்ரோ நகரில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. 2017இல் அந்நகரத்து ஏரிக்கரையில் 12 ஏக்கர் நிலத்தில், கூகுளின் உறவு நிறுவனமாகிய சைட்வோக் லாப்ஸ் ஒரு புதுமை நகர்ப்பகுதியை அமைக்க முன்வந்தது. கருவிகள் திரட்டும் செய்திகள் எவருக்கு உரியவை, அவற்றை ஆள்பவர் யார் என்னும் வினாக்களை நகரத்தார் எழுப்பினர். அவ்வினாக்களுக்கு மனநிறைவான விடை கிடைக்குமுன்னரே, 2020 மே மாதத்தில், பொருளாதார நிச்சயமின்மையைக் காரணங்காட்டி அந்நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. இந்தூரில் வரைபடங் கண்டு கதவடைத்த மக்களின் அச்சமும், ரொறன்ரோவிற் கருவி கண்டு வினவிய மக்களின் ஐயமும் அடிப்படையில் ஒன்றே.

ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா வேறொரு வழியை முயன்றது. 2016இல் அந்நகராட்சி 'தெசிதிம்' என்னும் இணையமேடையைத் தொடக்கியது. கற்றலான் மொழியில் அச்சொல்லுக்கு 'நாம் தீர்மானிக்கின்றோம்' என்பது பொருள். நகரத் திட்டங்களுக்கு மக்கள் தாமே முன்மொழிவுகளை இடவும், பிறர் மொழிந்தவற்றை ஆதரிக்கவும் அது வழிசெய்தது. ஆயினும் அதே ஆண்டில் அதே நகரம், போப்ளெனோ என்னும் பகுதியில் ஊர்திகளைத் தடுத்துத் தெருவை நடப்போர்க்கு அளித்தபோது, தங்களிடம் முன்னர் உரையாடவில்லை என்று குடியிருப்போர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். நல்ல நோக்கமும் நல்ல கருவியும் உடைய நகராட்சிக்குங்கூடக் கேட்டுச் செய்தல் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய வேண்டிய வேலையாகின்றது.

இந்தியா 2015 ஜூன் மாதத்தில் 100 நகரங்களுக்கான ஸ்மார்ட் நகரத் திட்டத்தைத் தொடக்கி, 2025 மார்ச்சில் நிறைவு செய்தது. தமிழகத்தார் அதனைச் சீர்மிகு நகரத் திட்டம் என்றனர். கெடிஸ் நடந்து அளந்த மதுரையும் தஞ்சாவூரும் இந்தூரும் அந்நூறு நகரங்களுள் இடம்பெற்றன. அந்நகரங்களிற் கட்டுப்பாட்டு நிலையங்கள் எழுந்தன. திரைகளில் வீதிகள் தெரிந்தன. இந்தூர் 2017 முதல் இந்திய நகரங்களின் துப்புரவுக் கணிப்பிற் பல ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பெற்றது. அப்பெருமைக்குக் கருவிகள் துணைபுரிந்தன. எனினும், வீடுதோறும் ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் வேறுபிரித்துக் கொடுக்கும் இல்லத்தரசியரும், அதனை நாள் தவறாது வந்து பெற்றுச்செல்லும் தொழிலாளரும் இன்றி அது கைகூடியிராது. நூறாண்டுக்கு முன் மாலை சூடி நடந்தவரின் தொழில் அது.

கெடிஸ் இறுதிக் காலத்திற் பிரான்சு நாட்டு மொன்பெல்லியே நகரிலே தாம் நிறுவிய கல்விக் கூடத்தில் வாழ்ந்து, 1932 ஏப்ரில் 17ஆம் நாள் காலமானார். அவர் விட்டுச்சென்ற நெறி பெருஞ் செல்வமோ அரிய கருவியோ வேண்டி நிற்பதன்று. புதிய திட்டத்துக்குக் கையொப்பமிடுமுன், ஒரு மாநகரசபை உறுப்பினரும் ஒரு பொறியியலாளரும் ஒரு நாட்காலை அத்திட்டம் தொடப்போகும் ஒழுங்கையில் நடந்து, அங்குள்ளோர் கூறுவதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளல் அதன் முதற்படி. குறித்தவற்றுள் எவற்றை ஏற்றனர், எவற்றை ஏன் ஏற்கவில்லை என்பதை அவ்வொழுங்கைக்கே திரும்பிவந்து சொல்லுதல் இரண்டாம் படி. இந்த இரண்டாம் படியைக் கெடிஸின் காலத்து ஆட்சி ஏறவில்லை. வாக்குரிமை பெற்ற மக்கள் வாழும் இக்காலத்து நகரசபைகள் ஏறாதிருப்பதற்குக் காரணம் ஏதும் இல்லை.